மூன்று கரண்டிப் பால்

மார்ச் 4, இரவு 1.40

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். என் குண்டுப் பாப்பா பூசணி இப்போதுதான் தூங்கினாள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

நீ எழுதி அனுப்பிய எலி ஆராய்ச்சிக் கட்டுரையை மூன்று தடவை படித்தேன். தாய் எலியிடம் ஒன்பது குட்டிக்குப் பதில் மூன்றை மட்டும் விட்டால், அவை மூக்குமுட்டக் குடித்துக் கொழுத்துப்போகின்றன. கணையத்திடம் ‘இன்சுலினைச் சுர’, ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் நரம்புகள் அந்தப் பச்சிளம் வயதிலேயே தடுமாறிவிடுகின்றன. வளர்ந்த பிறகும் அந்தக் கோளாறு தங்கிவிடுகிறது. சரியாகப் புரிந்துகொண்டேனா?

என் வீட்டிலும் ஒற்றைக் குட்டிதானே அக்கா! ஏழு மாதத்தில் பத்தரைக் கிலோ. பக்கத்து வீட்டு அக்கா, “என்னம்மா, பொண்ணா, தலகாணியா?” என்று கன்னத்தைக் கிள்ளுகிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வயதிலேயே சர்க்கரை மாத்திரை போடுகிறவள் நான்.

அதனால் பன்னிரண்டு நாளாகப் பால் பவுடர் ஐந்து கரண்டிக்கு மூன்றுதான் போடுகிறேன். தண்ணீர் அதே அளவு. இவருக்குத் தெரியாது. “பல்லு மொளைக்குதோ என்னவோ, இந்த அழுகை அழறா” என்று தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். நானும் ஆமாம் என்கிறேன்.

நான் செய்வது சரிதானே?

உன் தங்கை


மார்ச் 4, காலை 6.05

என் தங்கமே,

நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. முதலில் ஐந்து கரண்டி போட்டுப் பால் கொடு. கொடுத்துவிட்டு மீதியைப் படி.

இன்றைக்கே குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போ. தண்ணீர்ப்பால் கொடுத்ததை ஒளிக்காமல் சொல். மாப்பிள்ளையிடமும் சொல்.

ஆராய்ச்சிக்காக வேண்டுமென்றே கூண்டிலிருந்து ஆறு குட்டிகளை எடுத்துவிட்டு மூன்றை விடுவது என் கை. அதைப் படித்துவிட்டா பால் கலக்குவது, பைத்தியமே? வளர்கிற நரம்புக்குப் பட்டினியும் ஆகாதடி. நீ மெச்சிக்கொள்வாய் என்று அனுப்பினேன். கைக்குழந்தைக்காரி படிக்கப்போகிறாள் என்று யோசிக்கவில்லை. தப்பு என்மேல்தான்.

உன் மாத்திரைக்கும் நீ பொறுப்பில்லை. அம்மா இரவு வேலைக்குப் போன நாட்களில், நீ அழக்கூடாதென்று என் தட்டில் இருந்ததையும் உனக்கே ஊட்டினேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அது கிடக்கட்டும்.

அக்கா


மார்ச் 5, இரவு 12.30

அன்புள்ள அக்கா,

“படிச்ச பொண்ணுதானேம்மா நீ?” என்றார் டாக்டர். தலை நிமிரவில்லை நான். தண்ணீர்ப்பாலால் ரத்தத்தில் உப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம்; நல்லவேளை, சரியாகிவிடுமாம். எடையை உயரத்தோடு சேர்த்து மாதாமாதம் பார்க்கலாம், போனது போகட்டும், இனிமேல் எதுவானாலும் கேட்டுவிட்டுச் செய் என்றார்.

இவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இவர் பாட்டிலை வாங்கி, “ஒண்ணு... ரெண்டு...” என்று என்னைப் பார்த்துக்கொண்டே சத்தமாக எண்ணி ஐந்து கரண்டி போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, அவர் மடியிலேயே தூங்கிப்போனாள்.

எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன நீ, ஒன்றை மட்டும் ‘கிடக்கட்டும்’ என்று விட்டுவிட்டாய். பத்து வருடமாக அந்த எலிகளோடு நீ கிடப்பது என்னால்தானா? எனக்கு ஊட்டியதையா அங்கே தேடிக்கொண்டிருக்கிறாய்?

உன் கை ஊட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ சாப்பிடாமல் படுத்தாய் என்பது நேற்றுவரை தெரியாது. டாக்டர் என்னை மன்னித்த மாதிரி, அந்தப் பதினொரு வயதுக்காரியை நீ மன்னிக்கக் கூடாதா?

சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை