மான் பரணில் ஒரு சனிக்கிழமை

ஸ்காபரோ, ரொறன்ரோ
22 நவம்பர் 2009

என் அன்புள்ள ஸுபைதாவுக்கு உன் கணவன் ஜவாஹிர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத்துகள் சில பூசணிக்காய் போலவும் சில எறும்பு போலவும் கிடக்கும். வரிகளும் மேலே ஏறிக் கீழே இறங்கும். பொறுத்துக்கொண்டு வாசி. கை நடுங்குவது வயதினால்தான், நோய் ஒன்றும் இல்லை. முழுக்க முழுக்க என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவன், இத்தனை வரி எழுதுவதற்குள் மஃரிப் நேரம் வந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

இதுவரை உனக்கு வந்த கடிதங்களை நான் சொல்லச் சொல்ல முர்ஷிதா எழுதினாள். மகளை முன்னால் வைத்துக்கொண்டு மனைவிக்கு என்ன சொல்ல முடியும்? அதனால்தான் அவற்றில் மழையும் மரக்கறி விலையும் மட்டும் இருந்தன. இப்போது நூலகத்தில் வேரோனிக்கா டீச்சர் நடத்தும் தமிழ் எழுத்து வகுப்பில் நான்தான் மூத்த மாணவன். போன வாரம் என் பெயரையும் உன் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். "ஆர் ஐயா இது, இவ்வளவு வடிவா எழுதியிருக்கிறியள்?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

போனில் நாம் மறுபடியும் சண்டை போட்டோம். முர்ஷிதா எடுத்த விசா வீணாகப் போகிறது, வா என்றேன். அந்தக் குளிர் எனக்கு ஒத்துவராது என்றாய். குளிர் காரணம் இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் நீ குளிரைச் சொன்னால் நானும் குளிருக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் நேற்று மருமகன் மின்ஹாஜுடன் மான் வேட்டைக்குப் போனேன். ஒரு கிழவன் மரத்தின் மேல் காலை முழுவதும் இருந்து உயிரோடு திரும்பினான் என்று கேட்டால் நீ மனம் மாறுவாய் என்று நினைத்தேன்.

மின்ஹாஜிடம் துவக்கும் அனுமதியும் இருக்கின்றன. தானே பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் இறைச்சியில் சந்தேகம் இல்லை என்பது அவன் கணக்கு. அவனோடு கூரை வேலை செய்யும் நீக்கிலாப்பிள்ளை என்ற மன்னார்க்காரரும் வந்தார். ஸ்ரௌவ்வில் என்ற ஊரையும் தாண்டி, காரில் வெகுதூரம் வடக்கே ஒரு பண்ணை. அங்கே மரத்தோடு ஏணி சேர்த்துப் பரண் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் ஒட்டி உட்காரலாம். விழாமல் இருக்க இடுப்பில் வார் கட்ட வேண்டும். நீக்கிலாப்பிள்ளை வேறு மரத்துக்குப் போய்விட்டார்.

குளிருக்கு அவர் முதல் நாளே வழி சொல்லியிருந்தார். நடக்கும்போது மெல்லிய உடுப்போடு நட, தடித்த கோட்டைக் கையில் கொண்டு போ, மேலே ஏறி வேர்வை ஆறியதும் போடு. உள்ளே பருத்தி வேண்டாம், கம்பளி போடு. காலுறை இறுகினால் கால் விறைக்கும். நான் கேட்பேனா? பருத்திப் பெனியன், அதன் மேல் இரண்டு சட்டை, கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு, சப்பாத்துக்குள் மூன்று சோடிக் காலுறையோடு நடந்தேன். போதாததற்குக் கழுத்திலும் நெஞ்சிலும் காலிலும் கோடாலித் தைலம் பூசியிருந்தேன். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வேர்வை பனியாகிவிட்டது. பெருவிரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

மின்ஹாஜ் துவக்கைப் பக்கத்தில் கொளுவிவிட்டு, என் சப்பாத்தைக் கழற்றி, இரண்டு சோடிக் காலுறையை உருவினான். என் பாதங்களைத் தன் கோட்டுக்குள் வைத்துத் தேய்த்தான். குலுக்கினால் சூடாகும் சின்னப் பைகள் இருக்கின்றன, அவற்றைச் சப்பாத்துக்குள் வைத்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட்டான். நம் முர்ஷிதா நல்ல இடத்தில்தான் இருக்கிறாள், ஸுபைதா.

மான் வரவில்லை. இறங்கி வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. நீக்கிலாப்பிள்ளை கிட்ட வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உந்தத் தைல மணத்துக்கு மான் என்ன, நுளம்பும் கிட்ட வராது. உங்களைக் கொண்டுபோய்த் தோட்டக் காவலுக்கு விடவேணும்" என்றார். மருமகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீயும் சிரித்திருப்பாய் என்று நினைத்தேன்.

இறங்குவதற்கு முன் நடந்ததைத்தான் எழுத வேண்டும். போனில் இதைச் சொல்ல எனக்கு வராது.

மேலே இருந்தபோது இரண்டு மரங்களுக்கு நடுவில் ஓர் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சருகு அசைந்தாலும் நெஞ்சு எழும்பும். குளிர் மறந்து போகும். அப்போது மின்ஹாஜ், "மாமா, எறங்குவம். இனி வராது" என்றான். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். "கொஞ்சம் இரி மகன், வரும்" என்றேன்.

சொன்னது என் வாய்தான். கேட்டது உன் குரல்.

மூன்று வருடத்துக்கு முன் மூதூரை விட்டு எல்லோரும் ஓடிய அன்று நம் மகன் ஹஸனைத் துவக்கோடு நின்றவர்கள் வழியில் மறித்துக் கூட்டிப்போனார்கள். ஊர் திரும்பிய நாளிலிருந்து நீ நம் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். மே மாதம் யுத்தம் முடிந்ததும், இனி பிடித்துவைத்த பிள்ளைகளை ஒவ்வொருவராக விடுவார்கள், அவன் வந்து தட்டும்போது கதவு பூட்டிக் கிடக்கக் கூடாது என்றாய். நான் இங்கே சூடான அறையில் இருந்துகொண்டு, "அவன் இனி வரமாட்டான், பூட்டிவிட்டு வா" என்று உனக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மானுக்காகக் காலை முழுவதும் இருந்த எனக்கே அந்தச் சொல் அப்படிச் சுட்டதென்றால், பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

மின்ஹாஜ் தன் போர்வையை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டு, வெயில் நன்றாக ஏறும்வரை என்னோடு இருந்தான். வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை.

இனி உன்னை வா என்று கூப்பிடமாட்டேன். விசா போனால் போகட்டும். நான் வருகிறேன். முர்ஷிதாவிடம் இன்னும் சொல்லவில்லை, அழுவாள். உன் சம்மதம் கிடைத்த பிறகு சொல்கிறேன். ஹஸன் வருவானா என்று நான் இனி உன்னோடு தர்க்கம் பண்ணமாட்டேன். நீ சமைக்கப் போகும்போது வாசலை நான் பார்க்கிறேன். இரவில் தட்டும் சத்தம் கேட்டால் முதலில் நான் எழும்புகிறேன். நீ கொஞ்சம் படுத்துத் தூங்கு. எவ்வளவு காலமாகத் தூங்காமல் இருக்கிறாய்.

அல்லாஹ் உன்னையும், எங்கே இருந்தாலும் நம் பிள்ளையையும் தன் காவலில் வைத்திருப்பானாக. "வாங்க" என்று ஒரு சொல் மட்டும் எழுதி அனுப்பு, எனக்கு அது போதும். அது வந்து சேரும்வரை சும்மா இருக்கமாட்டேன், அடுத்த கிழமையும் இதே மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன்.

உன்
ஜவாஹிர்