முதல் தேர்வில் படித்துக் காட்டியவள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடம்பைக் கேட்டால் முழங்கால் மட்டும் மழை வருவதை முந்தின நாளே சொல்லிவிடுகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. மனசைக் கேட்டால் நன்றாக இல்லை, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். நான் வாயைத் திறந்தால் வேலை நாளில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமையில் விருந்தாளி வந்துவிடுகிறார். கடிதத்துக்கு நடுவில் யாரும் வர முடியாது, முழுசையும் படித்துத்தான் தீர வேண்டும்.

சென்ற வெள்ளிக்கிழமை உன் தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று அதை என் கையில் கொடுத்தாள். ஆசிரியர் திறன் மதிப்பீட்டில் நான்காம் நிலை, மேம்பாடு தேவை என்று போட்டிருந்தது. நான்கு நிலையில் நான்காவது என்றால் அதற்குக் கீழே தரைதான். அடுத்த வருஷம் அவளுக்கு வகுப்பு கிடையாதாம். பாடப்புத்தகக் கிடங்கில் கட்டுப் பிரித்து அடுக்குகிற வேலையாம், சனிக்கிழமைதோறும் பயிற்சியாம். பதினேழு வருஷமாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தொண்டை வறளக் கத்தினவளைப் புத்தகக் கட்டுக்குக் காவல் வைக்கிறார்கள். பதினைந்து நாளுக்குள் முறையீடு செய்யலாம், செய்யாவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. இன்றைக்கு ஏழாவது நாள்.

இந்தத் திட்டம் வந்தபோது நீ எனக்குப் போன் பண்ணிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா, எனக்கு இருக்கிறது. இனிமேல் யார் நல்ல டீச்சர் என்று ஊர் வாயைப் பார்க்க வேண்டாம், கணக்கே சொல்லிவிடும், அந்தக் கணக்குப் போடுகிற பிரிவில்தான் நான் இருக்கிறேன் என்றாய். எனக்கும் பெருமை பிடிபடவில்லை, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி நான்கு வீட்டுக்குச் சொன்னேன். இப்போது அதே நான்கு வீட்டிலும் கேட்கிறார்கள், உங்கள் பையன் போட்ட கணக்கில்தான் உங்கள் பெண் தோற்றுப்போனாளா என்று. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நீ தொட்டிலையும் ஆட்டவில்லை.

நடந்ததை நான் ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் ஒரு தேர்வு, வருஷக் கடைசியில் ஒரு தேர்வு. கடைசி மார்க்கிலிருந்து முதல் மார்க்கைக் கழித்தால் மிச்சம் வருவது டீச்சருடைய திறன். கேட்கிறபோது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் தங்கை வகுப்பில் முப்பத்துநான்கு பிள்ளைகள், அதில் பதினொன்றுக்கு அன்றைக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. படிக்க வராத பிள்ளை எது வந்தாலும் தலைமையாசிரியை இவள் வகுப்புக்குத்தான் தள்ளிவிடுவார், நீதான் பாத்துக்குவியே என்பார். அந்தப் பதினொன்றும் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்ததாம். வந்த முதல் வாரமே அழவிடக் கூடாது, இது பாஸ் ஃபெயில் இல்லாத தேர்வுதானே என்று இவள் ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். பதில் சொல்லிக் கொடுக்கவில்லை, கேள்வியை மட்டும் படித்தாள். காதால் கேட்டால் அதுகளுக்கு எல்லாம் தெரியும், செருப்புத் தைப்பவர் மகள் ஒருத்தி வாய்க்கணக்கில் என்னையே தோற்கடிப்பாள். ஆக முதல் தேர்வில் வகுப்புக்குச் சராசரி அறுபத்தாறு வந்துவிட்டது. வருஷக் கடைசியில் வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பாளர் வந்து நின்றதால் இவளை வாயைத் திறக்க விடவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே படித்து, தாங்களாகவே எழுதி ஐம்பத்தெட்டு எடுத்தார்கள். அந்தப் பதினொன்றில் ஒன்பது இப்போது தானே படிக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்தாறைக் கழித்தார்கள், எட்டு மார்க் பள்ளம். இவள் பாடம் நடத்தியதால் பிள்ளைகளுக்கு அறிவு குறைந்துபோயிற்று என்று உங்கள் கணக்கு சொல்கிறது.

பக்கத்து மூன்றாம் வகுப்பில் அந்தப் பச்சைக்குடைக்காரி இருக்கிறாளே, பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் பச்சைக் குடையை வாங்கிக்கொண்டு போய் இன்றுவரை திருப்பித் தராதவள், அவள் அந்த முதல் தேர்வைக் கடைசி பீரியடில் வைத்திருக்கிறாள், பஸ் வருவதற்குக் கால்மணி முன்னால். பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதியில் தாளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கின்றன. சராசரி இருபத்தொன்று. வருஷக் கடைசியில் அறுபது. முப்பத்தொன்பது மார்க் ஏற்றம், முதல் நிலை, கண்ணாடி போட்ட சான்றிதழ். அவள் கெட்டவள் என்று நான் சொல்லவில்லை, குடை விஷயத்தைத் தவிர. அவளே உன் தங்கையிடம் வந்து வருத்தப்பட்டாளாம், முதல் தேர்வுல ஏன்க்கா இவ்ளோ ஒழுங்கா இருந்தீங்க, அதுல பிள்ளைங்க குறைச்சலா வாங்குனாதான் நமக்கு நல்லதுன்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா என்று. யாரும் சொல்லவில்லை. அண்ணன்காரன் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சிலேயே நிற்கும். வகுப்பைப் பார்வையிட ஒருவர் டேப்லெட்டோடு வந்தார், முப்பத்திரண்டு கட்டம் நிரப்ப வேண்டுமாம், இருபது நிமிஷம்தான் இருந்தார். அவர் வந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளைக்குப் பல் விழுந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டுவிட்டது, பிள்ளை அழுகிறது. இவள் எல்லாரையும் தேடவிட்டு, பல்லைக் கண்டெடுத்து, அதை வைத்தே யாருக்கு எத்தனை பல் விழுந்திருக்கிறது, எத்தனை முளைத்திருக்கிறது என்று பலகையில் எழுதிக் கூட்டல் கழித்தல் நடத்திவிட்டாள். வகுப்பே வாயைத் திறந்துகொண்டு கணக்குப் போட்டிருக்கிறது. அவர் டேப்லெட்டில் பல்லுக்குக் கட்டம் இல்லை. பாடத்தின் நோக்கம் கரும்பலகையில் எழுதப்படவில்லை என்று போட்டுவிட்டுப் போனார். விதைத்த மறுநாள் மண்ணைத் தோண்டி வேர் விட்டதா என்று பார்க்கிறவனுக்கு விவசாயி என்றா பெயர்?

இவ்வளவையும் போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் சொன்னேன். அதற்கு நீ சொன்னதை அட்சரம் பிசகாமல் எழுதுகிறேன், என் ஞாபகத்தில் சந்தேகம் இருந்தால் உன் பெண்டாட்டியைக் கேள், அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். "அது எங்களுக்கும் தெரியும்மா. முதல் மார்க் ஜாஸ்தியா இருந்தா கணக்கு கவுந்துடும். நூத்துக்கு ரெண்டு மூணு பேர்தானேன்னு விட்டுட்டோம்." அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள் என்று வைத்துவிட்டாய். கதவைத் தட்டின சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தெரியாமல் செய்தால் தப்பு, தெரிந்து விட்டுவிட்டால் அதற்கு என்ன பெயர் வைக்க. அந்த இரண்டு மூன்று பேரில் ஒருத்தி உன்னோடு பிறந்தவள் என்பதற்காக மட்டும் நான் கேட்கவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் எங்காவது ஒரு அம்மா இருப்பாள், அவளுக்குக் கணக்குப் பிரிவில் மகன் இருக்க மாட்டான்.

தங்கையைப் பற்றிச் சொன்னால் கோபம் இரட்டிப்பாகிறது. முறையீட்டுப் படிவம் வாங்கக்கூட அவள் போகவில்லை, திங்கட்கிழமை பஸ் பிடித்து நான்தான் கல்வி அலுவலகத்துக்குப் போய் வாங்கி வந்தேன். பதினொரு பக்கம். விரலை வைத்து வரி வரியாக இரண்டு நாள் படித்தேன். ஏழாம் பக்கத்தில் இரண்டு வழி எழுதியிருந்தது. முதல் தேர்வில் என் பக்கம் நடைமுறைத் தவறு என்று ஆசிரியரே எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு மன்னித்து வகுப்பைத் திரும்பக் கொடுப்பார்கள். இல்லையென்றால் இப்படிப்பட்ட நிலையில் கணக்கு தவறாக வரக்கூடும் என்று தலைமை அலுவலகத்தின் மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து, அதாவது நீ இருக்கிற பிரிவிலிருந்து, ஒரு விளக்கக் கடிதம் வேண்டும். சரி, முதல் வழி சுலபம், ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு என்று அவளிடம் மன்றாடினேன். முடியாது என்றுவிட்டாள். "படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டினது தப்புன்னு என் கையால எழுத மாட்டேன், கிடங்குன்னா கிடங்கு." அழவில்லை, கத்தவில்லை, பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த வார்த்தைக்கு மேல் அவளை நான் வற்புறுத்தவில்லை, ஏன் என்று உனக்கும் தெரிய வேண்டும்.

உன் அப்பா தவறிப்போன பதினைந்தாம் நாள், அவர் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே ஒரு தாளை நீட்டினார்கள். நீ ஹாஸ்டலில் இருந்தாய், உன் தங்கைக்கு ஒன்பது வயசு, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன எழுதியிருக்கிறது தம்பி, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சாம்பல் சட்டை, இடது காதில் பேனா செருகியிருந்தான். "படிச்சுச் சொல்றது என் வேலை இல்லம்மா, வச்சா வைங்க, வரிசை நிக்குது" என்றான். வைத்தேன் கட்டைவிரலை. தொழிற்சாலை வீட்டைப் பத்து நாளில் நானே விரும்பிக் காலி செய்கிறேன் என்று நான் எழுதிக் கொடுத்ததாக அந்தத் தாள். அந்த வருஷம்தான் உன் தங்கை, வீடு மாற்றிக் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைத்து எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். நான் முதன்முதலில் படித்த வாசகம், பெட்டியில் அச்சடித்திருந்த 'இந்தப் பக்கம் மேலே'. நீ லீவுக்கு வந்தபோது நான் விரலை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இந்த வயசுல படிச்சு ஆபீசுக்கா போகப்போற என்று சிரித்தாய். முப்பத்தொரு வருஷம் ஆகிறது, நான் மறக்கவில்லை. அவளும் அந்தச் சாம்பல் சட்டைக்காரனை மறக்கவில்லை. எவர் கையில் தாளைப் பார்த்தாலும் படித்துக் காட்டிவிடுவாள், பஸ்ஸில்கூட. அது என்னால் வந்த பழக்கம். அதற்குத்தான் நான்காம் நிலை கொடுத்திருக்கிறீர்கள்.

நேற்று மறுபடியும் கல்வி அலுவலகத்துக்குப் போய் ஏழாம் பக்கத்தில் இருக்கிற இரண்டாவது வழியைப் பற்றி அங்கிருந்த குமாஸ்தாவிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லையே பாட்டி என்றார். நான் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார், இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை என்றார். பார், நீ சிரித்த படிப்பு என்னை ஆபீசுக்குத்தான் கொண்டுபோயிருக்கிறது.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தங்கைக்காக விளக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான் என்று பேர் வந்துவிடும் என்பாய். மார்க்கைத் திருத்து என்று நான் சொல்லவில்லை, ஒரு புள்ளியையும் நகர்த்த வேண்டாம், இதோடு வைக்கிற தாளில் தங்கை என்பதையும் மறைக்காமல் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். போனில் என்னிடம் சொன்னதைத் தாளில் சொல், அவ்வளவுதான். போனவாரம் உன் மகள் என்னிடம் பேசினாள், அவள் டீச்சர் முதல் நிலையாம், ஆனால் கதை சொல்ல மாட்டாராம். ஏனடி என்றேன், கதை கேள்வித்தாள்ல வராது பாட்டி என்றது குழந்தை. உன் கணக்கு உன் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது, பார்த்துக்கொள்.

முதுகுவலிக்கு நாற்காலியை மாற்று, தலையணையை வைத்துச் சமாளிக்காதே. மருமகள் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறாளாம், நீ அரைமணி முன்னால் எழுந்தால் உதவலாம். ராத்திரி படுக்கும்முன் குழந்தைக்கு ஒரு கதையாவது சொல். எல்லாரும் நீண்ட ஆயுளோடு, மனசுக்கு உறுத்தல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம், இரண்டாவதுதான் முக்கியம். இன்று வெள்ளி, இது திங்கட்கிழமை உன் கைக்கு வரும். செவ்வாயன்று நீ அனுப்பினால் அடுத்த வெள்ளிக்கு இங்கே வந்துவிடும். சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும்தான் ஆபீஸ், அதுதான் பதினைந்தாவது நாள், நான் பத்து மணிக்கே போய் உட்கார்ந்திருப்பேன். தங்கைக்கு இந்தக் கடிதம் தெரியாது, தெரிய வேண்டியதில்லை.

கூடவே அந்தத் தாளை வைத்திருக்கிறேன். நீ சொன்னதைத்தான் ஆபீஸ் பாஷையில் எழுதியிருக்கிறேன், நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்பதையும் விடவில்லை. அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். என்னைப்போல் படிக்காமல் வைக்காதே, நன்றாகப் படித்துப் பார்த்துப் போடு. எழுத்து புரியாவிட்டால் போன் பண்ணு, நான் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடும் உன் அம்மா