ஆள் உயரத் தட்டான்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, எனக்கு அம்மா இருக்கிறாள், மற்றபடி புகார் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் அதை அம்மாவிடம் போனில் சொல்லாதே, அவள் எனக்கு ஒரு வாரம் சொல்வாள். நீ அனுப்பிய கேமரா நன்றாக வேலை செய்கிறது. கொஞ்சம் மோசமாக வேலை செய்திருக்கலாம்.

நம் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குளம் உனக்கு நினைவிருக்கும். அதைத் தூர்த்துக் கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பாதிப் பேர் சொன்னார்கள், மீதிப் பேர் வேண்டாம் என்றோம். வாயால் சொல்லிப் புரியாததைக் கண்ணால் காட்டிவிடுவோம் என்று வருடம் முழுக்கப் படம் எடுத்தேன். மழை விட்டதும் பட்டாம்பூச்சிகள் ஈர மண்ணில் கும்பலாக உட்கார்ந்து உறிஞ்சுவதை, குளிர்காலக் காலையில் இறக்கையை விரித்து வெயில் காய்வதை, கோடையில் சிவப்புத் தட்டான் சூடு தாங்காமல் வாலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு சர்க்கஸ்காரன் மாதிரி நிற்பதை. நான் சேற்றில் நிற்பதைப் பார்த்து வாட்ச்மேன் தினமும், "சாருக்கு என்ன தொலைஞ்சு போச்சு?" என்று கேட்பார். அப்போது ஒன்றும் தொலையவில்லை.

நல்ல படங்களை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிப் பொதுக்கூட்டத்தன்று கீழே ஹாலில் மாட்டினேன். தட்டானின் கண் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு, தாடை அதற்குக் கீழே தாராளமாக. சங்கச் செயலாளர் பல் டாக்டர் அல்லவா, தாடையைத் தொழில்முறையில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நம்ம பிள்ளைங்க விளையாடுற இடத்துலயா சார் இருக்கு?" என்றார். நான் பெருமையோடு ஆமாம் என்றேன். கொசுவைத் தின்பவையே இவைதான் என்று விளக்குவதற்குள் நாலாவது மாடி அம்மா, கடித்தால் ஊசி போட வேண்டுமா என்று கேட்டுவிட்டார். அதுவரை இரண்டாகக் கிடந்த சங்கம் என் படங்களைப் பார்த்து ஒன்றாகிவிட்டது. கண்ணைத் திறந்துவைத்ததற்காக எனக்கு நன்றித் தீர்மானம் வேறு. மறு வாரம் மருந்து அடித்தார்கள், அடுத்து மண் லாரிகள் வந்தன. "பாஸ்போர்ட் சைஸ்ல மாட்டியிருந்தா குளம் இருந்திருக்கும்" என்கிறாள் உன் அம்மா. கொசு மட்டும் முன்னைவிட அதிகம்.

நேற்று மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கோ பிழைத்த ஒரு தட்டான், குளம் இருந்த இடத்தில் நிற்கும் டாக்டரின் கறுப்புக் கார்மேல் தாழ்ந்து தாழ்ந்து வாலால் தொட்டுக்கொண்டிருந்தது. பளபளப்பைத் தண்ணீர் என்று நினைத்து முட்டையிடுகிறது. அந்த வெயிலில் தகரம் என்ன சூடு இருக்கும். கீழே இறங்கித் துண்டை வீசி விரட்டினேன், பக்கத்துக் காருக்குப் போயிற்று. அங்கே விரட்டினால் அதற்கடுத்த கார். அம்மா மேலேயிருந்து, "மேல வாங்க, அது மட்டும் எங்க போகும்" என்றாள். வந்துவிட்டேன். படம் எடுக்கவில்லை.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. புதுக் கார் வாங்கப்போவதாக மாப்பிள்ளை அம்மாவிடம் சொன்னாராம். கறுப்பு வேண்டாம் என்று சொல். வாங்கிவிட்டிருந்தால், கழுவாமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா