இருபது வருடம் நிறையாதவர்கள்

கடிதம் எண்: 4
2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை
காலை 7.40 (குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளிய பிறகு)
கல்மன், அலபாமா

அன்பிற்குரிய டார்லீனுக்கு,

மொபீலில், உன் தங்கை நெல்டாவின் வீட்டில் நீ நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். முந்தைய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. குழாய்களுக்குத் துணி சுற்றினேன். பூனை உன் நாற்காலியை விட்டு இறங்க மறுக்கிறது.

அக்டோபர் 11 அன்று நெல்டாவின் பேத்தி ஆட்ரியின் திருமண விருந்தில் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். மணமானவர்கள் அனைவரும் ஆட, அறிவிப்பாளர் ஆண்டுகளைச் சொல்லச் சொல்ல இளைய ஜோடிகள் விலகுவதும், கடைசி ஜோடிக்குப் பூச்செண்டு கிடைப்பதும் வழக்கம்தான். நாம்தான் கடைசி என்று எல்லோரும் அறிவர். பாட்டும் நம்முடையது: டஸ்ட்டி ஹாலோ குழுவின் “நீ இறங்கி வரும்வரை”. 1974 ஜூன் 15, நம் திருமணத்தன்று, ஊர் வானொலி அதைத்தான் ஓயாமல் ஒலிபரப்பியது. ஸ்டீல் கிட்டார் இழையும் இடத்தில் என் தோளில் தலை சாய்ப்பாய், அன்றும் சாய்த்தாய்.

“இருபது வருஷம் நிறையாதவங்கல்லாம் போய் உக்காருங்க” என்றார் அறிவிப்பாளர். நீ என் கையை விட்டுப் போய் உட்கார்ந்தாய். ஐம்பத்தொன்று என்று நான் உரக்கத் திருத்தினேன். நீ திரும்பவில்லை. பாட்டு முடியும்வரை தனியாக நின்றேன். ஆட்ரி பூச்செண்டை என்னிடம் கொடுத்துவிட்டு அழுதாள். உன் தம்பி ஃப்ளாய்ட், “என்ன அத்தான், அக்காவுக்குக் கால் வலியா, கல்யாணமே வலியா?” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

வண்டியில் நீ சொன்னாய்: “கணக்கு சரிதான் ஹார்லன். பையன ஏரியிலேர்ந்து தூக்கிட்டு வந்தாங்களே, அன்னிக்கோட வருஷத்த எண்றத நிறுத்திட்டேன். முப்பத்து மூணு வருஷமா அவன் பேர நீ ஒரு தடவ சொல்லல. அந்தப் பேரு இல்லாத வீட்ல யாருக்கு யாரு பொண்டாட்டி?” மறுநாள் காலை நெல்டா வந்து உன்னை அழைத்துப் போனாள்.

1992 ஆகஸ்ட் 8. நம் திருமணத்திலிருந்து அன்றுவரை பதினெட்டு ஆண்டுகள், ஒரு மாதம், இருபத்து நான்கு நாட்கள். உன் கணக்கில் பிழை தேடினேன், இல்லை.

நேற்று இசைத்தட்டை வைத்தேன். முதல் அடியைத் தாண்ட முடியவில்லை. அவள் வருவாள் என்று நம்புகிறவனின் பாட்டு அது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வா என்று அழைக்கவும் மாட்டேன். அவன் பெயரைச் சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்தேன். குரல் எழவில்லை. கை மட்டும் எழுதுகிறது.

கடற்காற்று ஈரமானது, மார்பை மூடிக்கொள். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

உன் கணவன் என்று எழுதலாமா என்பதை உன்னிடமே விட்டுவிட்டு,
ஹார்லன் பி. டட்டன்

இத்துடன் அனுப்பும் பெட்டியில் உள்ளவை:
1. விருந்தில் மேசைக்கடியில் நீ விட்டுவந்த நடனக் காலணிகள்.
2. அந்த இசைத்தட்டு.
3. புகைப்படம் ஒன்று. பரணிலிருந்து நானே இறக்கினேன். நம் மகன், ரஸ்ஸல். ரஸ்ஸல் ஜேம்ஸ் டட்டன்.