கிளையில் கட்டிய சிவப்புத் துணி

வீட்டு மகாராணிக்கு,

உன் தையல்காரன் எழுதுவது. நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. உன் முதுகுவலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை அறைச் சுவரோடு பேசிப் பேசி அலுத்து, மலைமுகட்டுக் காட்டுப் பாதையில் தனியாக நடக்கப் போனேன். வழி தவறக் கூடாதே என்று, கடையில் மிஞ்சிய சிவப்புத் துணியைக் கிழித்து, திருப்பத்துக்குத் திருப்பம் கிளையில் கட்டிக்கொண்டே போனேன். உன் புருஷன் மூளையே மூளை!

திரும்பும்போது ஒரு கிளையிலும் துணி இல்லை. மூன்று முறை சுற்றி அதே பாறைக்கே வந்து நின்றேன். வெயில் இறங்கிவிட்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது. பயப்படாதே, கடிதம் எழுத ஆள் இருக்கிறேன் அல்லவா! அப்போது ஓர் அம்மாள், கை நிறைய என் துணிகளோடு வந்தார்.

“எவனோ ஒரு கோமாளி காடு முழுக்கக் குப்பையக் கட்டி வச்சிருக்கான். பாத்தீங்களா?”

“அந்தக் கோமாளி நான்தாங்க. கீழ போற வழி எதுங்க?”

பேருந்து நிறுத்தம் வரை கூட்டிவந்தார், வழியெல்லாம் திட்டிக்கொண்டே. இந்த வாரம் என்னோடு அவ்வளவு நேரம் பேசியவர் அவர்தான். கேட்கச் சுகமாக இருந்தது. வீட்டில் இருப்பது போலவே.

உன் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு அனுப்பு. “என் அளவு உங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்பாய். மனப்பாடமாகத் தெரியும். இருந்தாலும் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் கோமாளி