பச்சைத் தீ காட்டிய செம்புக் கம்பி

அன்புள்ள நஃபீஸத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், நான் சுகம். உம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

செவ்வாய்க்கிழமை இந்த சவூதியில் நான் ஜெயித்தேன். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் மருந்துத் திரவத்தால் கழுவிய ஒரு இரும்புத் தொட்டிக்குள் வெல்டிங் வைக்கப் போனார்கள். அதில் ஏதோ இனிப்பு வாடை. குளோரின் கலந்த திரவமாக இருந்தால், வெல்டிங் சூட்டில் நச்சுவாயு கிளம்பும். மேஸ்திரி, நம் உவரி பர்னபாஸ் அண்ணன், கேட்கவில்லை. "மருந்து டிரம்முல குளோரின் இல்லன்னுதானல எழுதியிருக்கு? வேலையக் கெடுக்காத" என்றார்.

செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, திரவத்தில் தொட்டுத் தீயில் காட்டினால், குளோரின் இருந்தால் பச்சையாக எரியும். பாளையங்கோட்டையில் படித்த பாடம். ஒரு வயரை உரித்துத் தீயில் காட்டினேன். திரவத்தைத் தொடுமுன்பே பச்சை! எல்லாரும் சிரித்தார்கள். உரித்தும் வயரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையிலும் குளோரின் உண்டென்பதை மறந்துவிட்டேன். பச்சை மறையும்வரை காய்ச்சிவிட்டு, பிறகு தொட்டேன். குப்பென்று கிளிப்பச்சை!

"எல்லாவனும் வெளிய வாங்கலே!" என்று கத்தியது பர்னபாஸ் அண்ணன்தான்.

லீவில் வரும் அவரிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வண்டி ஹாரன் அடிக்கிறது. அவர் திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டி கொடுத்துவிடு. என் பழைய போனுக்கு ஒரு சார்ஜரும் வேண்டும், இங்கே கிடைக்கவில்லை. நான்கு நாளாய் உன் குரலைக் கேட்காமல் இருக்கிறேன். நான் உரித்தது அந்தச் சார்ஜர் வயரைத்தான்.

உன் அலி அஸ்கர்