வரப்பில் விழுந்த டயர்த் தடம்

கீழ்வேளூர்,
9.1.2015

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம், நியூசிலாந்தில் நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், குரலில் சளி கட்டியிருந்ததால் பாதிதான் நம்பினேன். இதை வாட்ஸ்அப்பில் போடாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு, ஊர்க் கூட்டத்தில் பேசுவது மறுநாளே வெளியாட்களுக்குத் தெரிந்துவிடுகிறது, யார் போன் வழியாக என்று தெரியவில்லை. வயலுக்கு அடியில் எரிவாயு தேடும் கம்பெனி ஆட்கள் ஆள் இல்லாத நேரம் பார்த்து நில அளவுக்கு முளைக்குச்சி அடித்துவிட்டுப் போகிறார்கள், அதனால் முறைவைத்துக் காவல் சுற்றுகிறோம். இரண்டு கழகத்தாரும் வந்து ஆதரவு என்று பேசிவிட்டுப் போனார்கள், பிறகு யார் நிற்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நம் மொபெட் வாய்க்கால் கரைச் சேற்றில் சிக்கிக்கொள்கிறது, அதனால்தான் உன்னிடம் மலைச் சைக்கிள் பற்றிக் கேட்டேன். நீ எழுதியதைப் பலமுறை படித்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போனேன். கடைக்காரர் ஜெக்கரியா முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த ஒன்றைக் காட்டி, மலையே ஏறலாம் சார் என்றார், எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றுப் பாலம் ஒன்றுதானப்பா என்றேன், அப்ப பாலத்துலேர்ந்து இறங்கும்போது என்னை நினைச்சுக்குவீங்க என்றார். ஹேண்டிலில் முழு எடையையும் போட்டு அமுக்கினேன், முன் ஸ்பிரிங் அசையவில்லை, வெறும் அலங்காரம். பின் ஸ்பிரிங் மிதிக்கிற பலத்தை எல்லாம் தானே தின்றது, தூக்கினால் கன்றுக்குட்டிக் கனம். அதனால் ஸ்பிரிங்கே இல்லாததைக் கேட்டேன். நீ சொன்ன ஹைட்ராலிக் பிரேக்கை எடுக்கவில்லை, கோபிக்காதே, எண்ணெய் கசிந்தால் இங்கே பார்க்க ஆளில்லை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் நம் களிமண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும், ஆகவே கேபிள் இழுக்கும் டிஸ்க். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். இருபத்தாறு அங்குலச் சக்கரம், அதற்குத்தான் இங்கே டியூப் கிடைக்கும். பாரின் மேல் கால் போட்டு நின்று இடைவெளி பார் என்றாயே, வேட்டியோடு அதைச் செய்தபோது கடை முழுவதும் என்னைத்தான் பார்த்தது.

அன்று மாலை வடிகால் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். மறுநாள் தொடை வலியால் நடந்தே போனேன். பனி ஈரத்தில் நம் வரப்பு நெடுகப் பல் பல்லாகத் தடித்த தடம். கம்பெனிக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறான் என்று பதறி, விவசாயச் சங்கத் தலைவர் ஐயாவுவிடம் ஓடிச் சொன்னேன், ஊரே திரண்டு வந்தது. பக்கத்து வயல் காளியம்மாள் தடத்தைப் பிடித்துக்கொண்டே முன்னால் நடந்தாள், எல்லோரும் பின்னால் போனோம். தடம் நம் கொல்லையில் என் சைக்கிளுக்கு அடியில் போய் நின்றது. ஓட்டுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை அல்லவா, என் தடத்தை நானே அதற்கு முன் பார்த்ததில்லை. வாத்தியாரே, கம்பெனிக்காரனுக்கு உங்க வீட்டுலதான் சாப்பாடா என்று காளியம்மாள் கேட்க ஊரே சிரித்தது. ஐயாவு சிரிக்கவில்லை. கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டவங்க வீட்டுக்குத்தான் இப்ப புது வண்டி வருது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் என்னைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. எல்லோரையும் சந்தேகப்பட்ட என்னையே ஊர் சந்தேகப்பட்டது, உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

யோசித்து ஒரு காரியம் செய்தேன். நேராகப் போகும்போது பின்சக்கரத் தடம்தான் மேலே விழும், எனவே பின் டயரில் ஒரு வரிசைப் பல்லைக் கத்தியால் சீவிவிட்டேன், சக்கரம் ஒருமுறை சுற்றினால் தடத்தில் ஓர் இடைவெளி விழ வேண்டும், அது இல்லாத தடம் என்னுடையது இல்லை. இன்று விடிந்ததும் போனேன், காளியம்மாள் வரப்பில் தடம் இருந்தது, கடைசி வரை நடந்தும் இடைவெளி இல்லை. மண் அப்பி மறைந்திருக்குமோ என்று என் கண்ணையே நம்பாமல் இன்னொரு தடவை நடந்தேன். பிறகு தயங்கித் தயங்கி அவளிடம் போய்ச் சொன்னேன். வந்து பார்த்தாள், தடம் முடிந்த மூலையில் கதிருக்குள் சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகள். நான் இங்கயே உக்காந்திருக்கேன், நீங்க போய் ஊரைக் கூப்பிடுங்க சார், எவனாச்சும் சிரிச்சா நான் பேசிக்கிறேன் என்றாள். போய்ச் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயாவு என் முகத்தைப் பார்க்காமல், சைக்கிளைக் குடுங்க சார், கிழக்க எவ்வளவு தூரம் அடிச்சிருக்கானுவன்னு பாத்துட்டு வரேன் என்று வாங்கிக்கொண்டு போனார். கியர் மாற்றத் தெரியாமல் கடகடவென்று போனார்.

நாளை தாசில்தார் வருகிறார், முதலில் பார்த்தவர் நீங்கள்தான், நீங்களே பேசுங்கள் என்கிறார்கள். சொல்ல வேண்டியதைத் தனித்தாளில் எழுதி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன், போவேன். நீ வேளைக்குச் சாப்பிடு, சளிக்கு மருந்து எடு, நீயும் உன் வேலையும் நன்றாக இருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு. போனில் வயலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே. சைக்கிள் நன்றாக ஓடுகிறது என்று நான் சொன்னால் இங்கே எல்லாம் பத்திரம் என்று அர்த்தம். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னால் உடனே ஊருக்கு டிக்கெட் எடு.

என்றும் உன் நலம் கோரும் அப்பா,
ரெங்கசாமி